எனக்கு ஆடு வேண்டாம்

ரப்பர் பூட்ஸோடு மேடம் தியோ சியோக் எங்
டன்லப் தெருவில் என் ஸ்டிக்கர் கடைக்குள் நுழைந்ததும்
ஏசிக்கே மீன் வாடை பிடித்துக்கொண்டது.
தேக்கா ஈரச்சந்தைக் கடைக்குப் புதுப் பலகை வேண்டுமாம்.
நடுவில் பெரிதாக ‘ஃப்ரெஷ்’, சீனத்தில்.

எனக்குச் சீனம் தெரியாது, வடிவங்கள் தெரியும்.
ஊரெல்லாம் எழுதும் எழுத்தைத் தட்டிக் காட்டினேன்:
இடப்பக்கம் மீன், வலப்பக்கம் ஆடு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“ஆடு அந்தப் பக்கம், கமாலுதீன் கடையில்.
நான் ஆடு விற்பதில்லை.
எனக்கு மீன் மட்டும் போடு. மூன்று.”

மேலே ஒன்று, கீழே இரண்டு.
அதுவும் ஓர் எழுத்துதானாம், பொருளும் அதேதானாம்,
இப்போது யாரும் எடுத்துப் புழங்குவதில்லையாம்.
நான் காசு கொடுத்து வாங்கிய தூரிகை எழுத்துருவில்
ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள்.
மூன்று மீனைக் கேட்டால்
ஒரு காலிச் சதுரம் தந்தது.
அளவு பார்க்க அதையே அச்சடித்து வைத்தேன்:
கடை எண், பெயர்,
இடையில் யாரோ மறந்துபோன சன்னல்.

கையால் வரைந்துவிடலாம் என்று
அன்றிரவு பழைய வடிவங்களைத் தேடினேன்.
ஆமையோட்டில் கீறிய மீன் நிமிர்ந்து நிற்கிறது,
வாய் வானத்தைப் பார்க்க.
கத்திக்கு வளைவு வராது, செதிலெல்லாம் குறுக்குக் கோடு.
வெண்கலத்தில் வார்த்தவனுக்கு நேரம் இருந்திருக்கிறது,
துடுப்பு, செவுள், ஒன்றில் கண்கூட.
பிறகு முத்திரையில் வால் தீயைப் போல விரிந்தது.
தூரிகை பிடித்த குமாஸ்தாக்கள்
(மாலைக்குள் முடிக்கவேண்டியவர்கள், என்னைப் போல)
அதை நான்கு புள்ளியாக உதறிவிட்டார்கள்.
இங்கே பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மீனில்
புள்ளிகளும் இல்லை. அடியில் ஒரே கோடு,
வெட்டுப்பலகையின் ஓரம்.
மூவாயிரம் வருடமாக
ஒரே மீனை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் புள்ளி வைத்த மீனையே வரைந்தேன்.
மூன்றுக்கும் சேர்த்து முப்பத்து மூன்று கீற்று,
பன்னிரண்டு புள்ளி. வினைலை உரிக்கும்போது
ஏழாவது புள்ளி என் கட்டைவிரலோடு வந்துவிட்டது.
ஊசியால் திருப்பி வைத்தேன்.

மறுநாள் வந்து
சில்லறை எண்ணுவதுபோலப் புள்ளிகளை எண்ணினார்.
தலையசைத்தார். பிறகு அவர் விரல்
கீழே தமிழ் வரிக்கு இறங்கி, ‘விலை’யில் நின்றது.
தமிழ் படிக்க வராது அவருக்கு.
ஆனால் பழைய பலகையில் அந்தச் சொல்
நாற்பது வருடம் அவர் முகத்துக்கு நேரே தொங்கியிருக்கிறது.

“இதற்குத் தும்பிக்கை இருந்ததே, எங்கே?”

மாற்றிவிட்டார்கள் என்றேன்.
நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே.

“பதிலுக்கு என்ன வைத்தார்கள்?”

கொம்பு என்றேன். இணைக்கொம்பு.
அப்படித்தான் பெயர் அதற்கு.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
“அப்போ ஆடுதான்.”

சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
வினைலில் மிச்சம் இருந்தது.
ல-வின் முன்னால், மேலிருந்து சுருட்டி இறக்கி
ஒரு தும்பிக்கையை வெட்டினேன்,
இதுவரை என் கை எழுதியிராத எழுத்து.
முதல் முறை பன்றி மூக்குபோல் வந்தது.
இரண்டாவதைப் பார்த்து “இதுதான்” என்றார்.

கூலியில் பத்து வெள்ளி குறைத்துக்கொண்டு
இரண்டு கறுப்பு வவ்வால் தந்தார்,
என் மேசையில் கிடந்த சோதனைத் தாளிலேயே சுற்றி.
வீட்டில் பிரித்தேன்.
ஈரத்தில் மை ஊறி
சதுரத்தின் ஒரு பக்கம் திறந்திருந்தது.