புளி போட்டுத் துலக்கியது

மூன்றாம் மாடிக் கடையில்
குவெக் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி
வெகுநேரம் பேசாமலிருந்தார்.
"யார் லா இதைக் கழுவியது?"

போன வாரம் நானூறு வெள்ளி.
இன்றைக்கு அறுபது,
அதுவும் பழகின முகத்துக்காக.

வியாழன் இரவு
அங் மோ கியோவில் ஒரே புளோக்கில்
இரண்டு மின்தூக்கி நின்றுபோய்,
கிரீஸ் கையோடு வீடு வந்து
பையிலிருந்ததை அடுப்படி மேடையில் வைத்துத் தூங்கிவிட்டேன்.
விடிந்தால் வெள்ளிக்கிழமை.
குமுதவல்லி விளக்குகளோடு அதையும் சேர்த்து
புளி போட்டுத் துலக்கிவிட்டாள்.
இருநூறு வருடக் கறுப்பு
பிடோக் வீட்டுத் தொட்டியில்
பத்து நிமிடத்தில் இறங்கிப்போனது.

"எந்தச் சாமி டாலர் இது?"
சாமி இல்லை, ஒரு குட்டி ராஜா.
ஜெர்மனியில் குறுநிலம்;
வரைபடத்தில்
பக்கத்து ஊரின் பெயரெழுத்துக்கு அடியில் கிடக்கும்.
பெரிய ராஜாக்கள் போட்ட சண்டைக்கு
அறுநூறு பேரை அனுப்பிவைத்தான்.
பிடிபட்ட பீரங்கியை உருக்கி
திரும்பி வந்தவர்க்கெல்லாம் ஒன்று குத்தினான்:
சுட்டவனுக்கும்
ரொட்டி சுட்டவனுக்கும்
லாயத்து வைக்கோலில் காய்ச்சலோடு கிடந்தவனுக்கும்
ஒரே எடை.

"சின்ன ஊர்தான், பாவம்" என்றாள்
ஜன்னலுக்கு வெளியே
நம் ஊர் மொத்தமும் தெரிகிற மாதிரி
நின்றுகொண்டு.

எனக்கும் ஒன்று உண்டு, இழுப்பறையில்.
பத்து வருட ரிசர்விஸ்டில்
களஞ்சியத்தில் போர்வை எண்ணினேன்.
அட்டை மனிதர்களைச் சுட்டேன், பாதி தப்பித்தார்கள்.
அதை யாரும் துலக்கியதில்லை,
கறுக்கவும் இல்லை.

குவெக்கிடம் திருப்பி வாங்கிக்கொண்டேன்.
நகர மண்டப நிலையத்தில்
ரயிலுக்கு நிற்கும்போது உள்ளங்கையில் பார்த்தால்
கூசுகிறது.
சட்டையில் குத்திய அன்று
அந்த ரொட்டிக்காரன் குனிந்து பார்த்தது
இந்த நிறத்தைத்தான் இருக்கும்.
கறுப்பு அவனுக்குத் தெரியாது.
கறுப்புக்குத்தான் குவெக் விலை வைத்திருந்தார்.

கிரீடத்தின் பள்ளத்தில்
ஒரு புளிநார்.
நகத்தால் எடுக்கப் போனேன்,
கைப்பேசி அதிர்ந்தது.

'அதோடு இருந்த பழைய நாடா
ஒரே அழுக்கு.
சோப்புத்தூளில் ஊறப்போட்டிருக்கிறேன்.
வரும்போது தயிர்.'