ஒரு கூடை அளவு

காசிமேட்டு ஐஸ் கம்பெனி வாசலில்
தேசராணி முன்னால் கேள்வித்தாளை விரித்தேன்.
அறுபது கேள்வி, ஐந்தைந்து கட்டம்,
'முற்றிலும் இல்லை'யில் தொடங்கி
'முற்றிலும் ஆம்' வரை.
பனி கொட்டும் ஏதோ ஊரில் எழுதியது.
தமிழாக்கியது நான்,
சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.

"சின்ன விஷயத்துக்கும் எளிதில் கவலைப்படுவேன்."
சிரித்தாள்.
"சின்ன விஷயம்னா எது?
லாஞ்ச் திரும்பலன்னா சின்னதா?
பெரியவனுக்கு வலிப்பு வந்தா சின்னதா?
ஒரு அளவு சொல்லு, கூடை மாதிரி."
என்னிடம் அளவு இல்லை.
நடுக்கட்டத்தில் டிக் அடித்தேன்.

"அடிக்கடி தனிமையாக உணர்கிறேன்."
"பத்துக்குப் பத்து ரூமு, ஏழு பேரு.
கக்கூசுக்கே வரிசை.
தனிமைக்கு எங்க போவேன்?"
பிறகு நண்டு போல ஏதோ ஒன்று
அவள் முகத்தில் பக்கவாட்டில் ஓடியது.
"ஆனா விடிகாலை மூணு மணி,
ஏலம் கத்துறாங்க, அத்தன சத்தம்,
அப்ப இங்க" என்று
நெஞ்சுக்கூட்டின் அடியைத் தொட்டாள்,
"ஐஸ் வச்ச மாதிரி ஆவும்.
அத எந்தக் கட்டத்துல போடுவ?"

பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்:
கவலைச் சுபாவம் ஒரு திறந்த கதவு,
எந்த நாட்டிலும் நோய் அதன் வழியாகத்தான் நுழையும்.
இருக்கலாம்.
அவர்கள் ஊரில் உள்ளே வந்து
'எல்லாம் என் தப்பு' என்று உட்காருமாம்.
இங்கே கைகால் ஓய்ச்சல், தலைபாரம்,
வாய்க்கு ருசி இல்லை என்று
பெயர் மாற்றிப் படுத்துக்கொள்கிறது.

அந்தத் தாளை நானும் நிரப்பினேன் ஒருநாள்.
கலகலப்பில் முழு மதிப்பெண்.
அலுவலகத்தில் முதலில் சிரிப்பவள் நான்தான்.
கதவு சாத்தியிருக்கிறது என்றது கணக்கு.
குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன்.
அதனால்
மெட்ரோ வாட்டர் வரும் நாட்களில் மட்டும்.

டீக்கடை டிவியில்
வங்கக்கடலில் தாழ்வு மண்டலம்.
இதற்கும் அதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.
தமிழில் காற்றுக்கு அழுத்தம் குறைந்தால் புயல்,
மனசுக்கு அழுத்தம் கூடினால்.
எது சரி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
கடலுக்கென்றால்
எத்தனை நம்பர் வைத்திருக்கிறோம்!

"உனக்கு?" என்றாள் திடீரென்று,
செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தபடி.
"எனக்கென்ன" என்றேன்.
அவள் மறுபடி கேட்கவில்லை.
ஐஸ் வண்டிக்கு வழிவிட்டு
என்னையும் ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

தாளின் விளிம்பில் எழுதினேன்:
மூணு மணி. ஐஸ்.
கொஞ்சம் தள்ளி, சின்ன எழுத்தில்:
இங்கேயும்.

திங்கட்கிழமை ஆபீசில் அதை
விடுபட்ட பதில் என்று
கணக்கில் சேர்ப்பார்கள்.