நானூற்றுப் பதினாறு

கிளைப்பேடா துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில்
முறை மாற்றி மூன்று பேர், திரை ஒன்று.
இடப்பக்கம் கடல் வரைபடம், இரவின் கறுப்பில்.
வலப்பக்கம் வெள்ளையில் கப்பல் பட்டியல்.
நடுவே நாலு பிக்சல் அகலத்தில்
சாம்பல் கோடு.
பிடித்து இழுத்தால் வரும்,
விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

எனக்கோ அது அரைகுறை வேலையாகப் பட்டது.
கோட்டை அழித்துவிட்டு விதிகள் எழுதினேன்:
படம் பட்டியலைப் போல் இரு மடங்கு,
எந்தப் பெயரும் வெட்டுப்படக் கூடாது,
இரண்டும் சேர்ந்து ஜன்னலை நிரப்ப வேண்டும்.
மிச்சக் கணக்கு இயந்திரத்தின் பாடு.

நன்றாகவே போட்டது கணக்கு.
முப்பத்தோரு எழுத்துப் பெயரோடு
ஹாம்பர்க் சரக்குக் கப்பலொன்று வந்த நாளில்
நெரிசல் பேருந்தில் ஒருக்களித்து இடம் தருகிறவர் போல்
படம் தானே ஒதுங்கிக்கொண்டது.
போலிஷ் மொழியில் நீண்டுபோன சொல்லுக்குப்
பொத்தான் தானே அகன்றது.
கை படவில்லை யாருடையதும்.
இரண்டாவது காபி குடித்தேன் அன்று.

செவ்வாய் இரவு புதிய பதிப்பு போனது.
புதன் விடியுமுன் ஸிவிலேயின் அழைப்பு:
"என் கோடு எங்கே?"
இனி அது வேண்டாம், தானாகவே சரியாகிவிடும் என்றேன்.
"யாருக்குச் சரி?"
டேங்கர் கூப்பிடுகிறதென்று வைத்துவிட்டாள்.

பழைய கோப்பைத் திறந்தேன்.
ஆளுக்கொரு எண்.
ரிமாந்தாஸ் தொள்ளாயிரம்:
மாலுமியின் இருமலை வைத்தே
கப்பலின் பெயர் சொல்பவர், பட்டியல் எதற்கு?
தவுமந்தாஸ் அறுநூற்று நாற்பது:
சரிபாதி. வேலைக்கு வந்து ஐந்து வாரம்,
கோட்டைத் தொட்டதே இல்லை.
ஸிவிலே நானூற்றுப் பதினாறு.

அதென்ன கணக்கென்று நேரில் போய்க் கேட்டேன்.
மூன்றாம் நாற்காலியில் என்னை உட்காரவைத்து
அறை விளக்கை அணைத்தாள்.
எதிர்த்துறைக் கிரேனின் விளக்கு
கண்ணாடி வழியே வந்து
திரையில் பாதிக்கு மேல் அப்பிக்கொண்டது.
கறுப்பின் மேல் விழுந்தால் கப்பலே தெரியாது,
வெள்ளையின் மேல் விழுந்தால் ஒன்றுமில்லை.
வெளிச்சம் தொடங்குவது நானூற்று இருபதில்.
நாலு பிக்சல் கோட்டுக்கு.

என் விதிகளின்படி படம்
எண்ணூற்றைம்பத்து மூன்று.
அதில் பாதி விளக்கு.
கிரேனை எந்தச் சமன்பாட்டில் எழுதுவேன்?
அவள் தோளின் உயரத்தை?

வெள்ளிக்கிழமை கோடு திரும்பியது.
விதிகளையும் விடவில்லை நான்,
ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அவை ஓடுகின்றன,
நீண்ட பெயர் இரண்டாம் வரிக்கு மடிகிறது.
முந்நூறுக்குக் கீழே கோடு நகராது,
கடலை யாரும் முழுக்க மூடிவிடக் கூடாதே.

ஒரு கேள்வி மட்டும் நின்றது.
பெரிய திரை வந்தால்
கூடும் அகலம் எந்தப் பக்கத்துக்கு?
கோட்டுக்கு அது தெரியாது, இழுத்தவரையே கேட்க வேண்டும்.
படத்துக்கு என்றார் ரிமாந்தாஸ்.
பட்டியலுக்கு என்றாள் ஸிவிலே, தலை நிமிராமல்.
தவுமந்தாஸ் கேட்டான்:
"எந்தக் கோடு?"

நவம்பரில் மூடுபனி.
காப்புப் பிரதி எடுக்கையில் கண்ணில் பட்டது,
அவன் பெயருக்கு எதிரே,
அதிகாலை மூன்று பத்துக்கு:
அறுநூற்று ஐம்பத்திரண்டு.