மேற்குக்கு இரண்டு எழுத்து

ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை.
மோங்டன் நகரத்துக் கூரைகளில்
பனி உருகிச் சொட்டும் பின்னிரவு.
"பராமரிப்பு வேலை நடக்கிறது" என்ற பலகையை
முகப்பில் தொங்கவிட்டு
பழைய தரவுத்தளத்தை அணைத்தாள் ஸெலிக்கா துகே.

நானூற்று அறுபது வானொலிக் கோபுரங்கள்.
கோபுரத்துக்கு ஒரு வரி:
அலைவரிசை, உயரம், திறன்,
உரிமம் முடியும் தேதி,
நிற்கும் இடத்தின் பாகை, கலை, விகலை.
புது வீட்டில் பால் காய்ச்ச நேரமில்லை.
சட்டி பானையோடு எல்லா வரிகளும் குடிபுகுந்தன.
எண்ணிப் பார்த்தாள். நானூற்று அறுபது.
இரண்டரைக்குக் கதவைத் திறந்துவிட்டு
ஆறிய காப்பியில் பிஸ்கட்டை நனைத்தாள்.

இரண்டு நாற்பத்தொன்றுக்குத் தொலைபேசி.
லமெக் தீவிலிருந்து ரெயால் மாலே,
நண்டுப் படகுகளுக்குக் காற்று நிலவரம் வாசிப்பவன்.
"என் கோபுரத்தைக் காணோம், ஸெலிக்கா."
"விழுந்துவிட்டதா?"
"ஜன்னலில் பார்த்தால் இருக்கிறது.
சிவப்பு விளக்குக்கூட எரிகிறது.
உன் வரைபடத்தில்தான்
கஸகஸ்தானில் நிற்கிறது."

சிரித்தாள்.
வரைபடத்தை விலக்கி விலக்கிப் பார்த்ததும்
சிரிப்பு நின்றது.
ஏரல் கடலுக்குக் கிழக்கே
ஆளில்லாப் புல்வெளியில்
நாற்பத்தொரு கோபுரங்கள்,
கரைக்கே, ஷிப்பகான், ட்ராக்காடி என்று
கழுத்தில் பெயர் மாட்டிக்கொண்டு
திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளைப் போல.

ஏன் இந்த நாற்பத்தொன்று மட்டும்?

படிவத்தைப் பிரெஞ்சில் நிரப்பியவர்கள் அவர்கள்.
மேற்கு என்பதற்கு ஓர் O போட்டிருந்தார்கள்,
அவர்கள் மொழியில் அது சரி.
புதிய நிரலின் அடியில் கிடந்தது
ஹனோவரில் யாரோ எழுதிய நூலகம்.
அவர் மொழியில் O என்றால் கிழக்கு.
அதுவும் சரி.
இரண்டு சரிகளுக்கு நடுவே
பாதி உலகம் கழன்று உருண்டது.

ஒரு சுழி. சுழி சரியில்லை என்று
நாம் சொல்வது இதைத்தானோ.
குணக்கு, குடக்கு:
சூரியன் ஒரு பகல் முழுக்க நடக்கும் தூரத்தை
நம் பழைய தமிழும்
ஓரெழுத்தில்தானே வைத்திருக்கிறது.

இந்த நாட்டில் எல்லாமே மேற்கு,
திசைக்கு எழுத்தே வேண்டாம் என்று
ஆறு வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் வாதாடினாள்.
மூன்றுக்கு ஒன்பது, தோற்றாள்.
அது இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

திருத்தம் ஒரே வரி.
நாற்பத்தொன்றும் கடல் தாண்டித் திரும்பின.
காற்றுக்கு எதுவும் தெரியாது.
எந்தக் கோபுரமும் ஒரு நொடிகூட
பேச்சை நிறுத்தியிருக்கவில்லை.

எழுந்திருக்கப் போனவள்
பதிவேட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.
இரண்டு முப்பத்தாறு. மிராமிஷி நகரம்.
லோர்ன் மெக்கே என்றொருவர்
நூற்றொன்று புள்ளி மூன்று காலியா என்று கேட்டிருக்கிறார்.
ரெயாலின் அலைவரிசை.
காலி, என்று பச்சையில் சொல்லியிருக்கிறது கருவி.
மூன்று பக்க அறிக்கையை
அவர் இறக்கியும் கொண்டார்.

தூங்காமல் ஒரு மனிதர்
தனக்கொரு நிலையம் கிடைக்குமா என்று
தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.
எத்தனை நாள் தேடலோ.
கிடைத்துவிட்டது என்று நினைத்து
மனைவியை எழுப்பியிருப்பாரோ.

"அன்புள்ள மெக்கே அவர்களே" என்று எழுதினாள்.
அழித்தாள். திரும்ப எழுதினாள்.
தவறு எங்களுடையது என்ற வாக்கியத்தை
முதல் வரிக்கு நகர்த்தினாள்.
தொண்ணூற்றாறு புள்ளி ஐந்தை ஒருமுறை பாருங்கள்,
நானே கையால் கணக்கிட்டேன்
என்று முடித்தாள்.
அதற்கு அரை மணி ஆயிற்று.

நிரலில் அந்த வரிக்கு மேலே
அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு:
"O-வும் மேற்குதான். கை வைக்காதே.
வைத்தால் லமெக்கிலிருந்து போன் வரும்."

நான்கு மணி. வானொலியைத் திருப்பினாள்.
ரெயால், தொண்டையில் தூக்கம்:
"அலை ஒன்றரை மீட்டர்.
மூடுபனி விலகும்.
காற்று..." என்று நிறுத்தினான்.
அந்த மௌனத்தில் அவன் சிரிப்பு
அவளுக்கு மட்டும் கேட்டது.
"...மேற்கிலிருந்து."