இரண்டு கையும் துடுப்பில்

மின்கட்டண உறையைத் திருப்பிப் போட்டு
நடுவில் ஒரு கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் நான்கு கயாக்.
வலப்பக்கம் ஒற்றை அலுமினியப் படகு,
பதினான்கு அடி, இருபது குதிரைத்திறன்,
டோவரில் ஒருவர் விற்கிறார், இழுவண்டியும் சேர்த்து.
கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே தொகை.
தொகை ஒன்றாகிவிட்டால்
சண்டைக்குச் சாக்கு கிடைப்பதில்லை;
உண்மையான காரணங்களைத்தான் சொல்லியாக வேண்டும்.

டூகல் படகுக் கட்சி.
முழங்காலைத் தட்டிக் காட்டினான்:
"இதை மடக்கி அந்த வாழைப்பழத் தொலிக்குள் வைத்தால்
கரைக்கு வந்ததும் கடப்பாரை போட்டுத்தான் நெம்பணும்."
ஆப்பிள் கிடங்கில் பதினெட்டு வருடம் பெட்டி சுமந்த முழங்கால்.
அதற்கும் ஒரு ஓட்டு உண்டு.

டெகன் கயாக் கட்சி.
பெட்ரோல் நாற்றம் கிடையாது,
ஓட்டுநர் உரிமம் கிடையாது,
அப்பாவின் ஜோக்குகள் கிடையாது.
பதினைந்து வயதில்
ஆளுக்கொரு தோணி என்பதுதான் நியாயமான உலகம்.

நானும் அவள் பக்கம்தான் இருந்தேன்.
விடியலில் நீரிணை
இன்னும் யாரும் தொடாத பால் ஏடு போலக் கிடக்கும்.
அடியில் பிளாட்ஹெட் மீன்கள்
மணலைப் போர்த்திக்கொண்டு
கண்களை மட்டும் வெளியே வைத்திருக்கும்.
அங்கே எஞ்சினோடு போவது
தூங்குகிறவர் அறையில் பாத்திரம் உருட்டுவது.

சனிக்கிழமை,
பக்கத்து வீட்டு ப்ரூவிடம் நான்கு கயாக் இரவல்.
ஹேமிஷ் காதுக்கருவி இரண்டையும் கழற்றி
காரில் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தான்.
உப்புத் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது.
எட்டு வயது. எங்களில் யாரையும்விட வேகம்.
சால்மன் கூண்டுகளின் கயிறு
தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இழுபட்டுக் கிடந்தது.
அவன் நேராக அதை நோக்கிப் போனான்.

நான் கத்தினேன்.
யாருக்காகக் கத்தினேன்?
டெகன் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அறைந்தாள்.
அலை தொட்டுத் திரும்பினான்.
'கயிறு' என்று கையால் சொல்லத் துடுப்பை விட்டேன்.
'திரும்பு' என்று சொல்லும் முன்
துடுப்பு என்னை விட்டுப் போய்விட்டது.
அவன் சிரித்தான், தானாகவே கயிற்றைக் கண்டு விலகினான்.

கரையேறிய பிறகுதான் கொட்டினான்.
குளிரில் சிவந்த விரல்கள் ஒன்றையொன்று முந்தின:
ஒரு சீல், இவ்வளவு கிட்டத்தில், மீசையோடு,
மூச்சு விட்டது, முகத்தில் தெறித்தது,
உங்களைக் கூப்பிடலாமென்றால்
இரண்டு கையும் துடுப்பில்.

காலை முழுக்க என் பிள்ளை
வாய் கட்டப்பட்டுத்தான் துடுப்புப் போட்டிருக்கிறான்.

ஞாயிறு, டோவர்க்காரரின் படகு.
எஞ்சின் முக்கிற்று, இருமிற்று, பிறகு
அதைத் தவிர உலகில் வேறெதுவும் கேட்கவில்லை.
டூகல் ஏதோ உத்தரவு போட்டான்;
வாய் அசைந்தது, அவ்வளவுதான்.
இரண்டு வருடமாய்ப் பள்ளிப் பேருந்தில்
தம்பியோடு கைபேசக் கூசுகிற டெகன்
தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி
விரல்களை எடுத்தாள்:
'அப்பாவைப் பார், கரையில் போட்ட மீன்.'
ஹேமிஷ் சிரித்த சிரிப்பில்
இரைப்பெட்டி கவிழ்ந்து கணவாய்த் துண்டுகள் எங்கள் காலடியில்.
பின்னால் டூகல், ஒரு கை எஞ்சின் பிடியில்,
மறு கையால் மட்டும் பதில் சொல்லப் பார்த்து
கொன்னிக் கொன்னி,
பாதி வார்த்தைகளாக எங்களுக்கு எறிந்தான்.
அந்த இரைச்சலுக்குள்
திணறாமல் பேசியவன் அவன் ஒருவன்தான்.

வீடு வந்து உறையை எடுத்தேன்.
டெகன் தரையைப் பார்த்தபடி வலப்பக்கம் காட்டினாள்.
ஹேமிஷைக் கேட்டோம்.
யோசிக்கவேயில்லை: 'கயாக்.'
ஏன்?
'மோட்டாருக்கு சீல் வராது.'

மூன்றுக்கு ஒன்று. படகை வாங்கினோம்.

இப்போது நடுநீரிணையில்
அவன் அப்பாவின் முழங்காலை இரண்டு முறை தட்டுவான்.
டூகல் எஞ்சினை நிறுத்துவான்.
எங்கள் எட்டுக் கைகளும் மடியில்.
ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.
தண்ணீர் தகரத்தை நக்கும் சத்தம்
மூன்று பேருக்கு;
அதன் நடுக்கம், உள்ளங்கால் வழியே, அவனுக்கு.

சீல் இன்னும் வரவில்லை.