எட்டரை விளக்கு

சனிக்கிழமை, மணி நாலு.
நிபோங் திபாலிலிருந்து ஆறு கிலோமீட்டர் செம்மண் உள்ளே,
பழம் நிறுக்கும் கொட்டகையில் எங்கள் கூட்டம்.
தராசின் மேல் யாரும் உட்காரக் கூடாது:
தீர்மானம் ஒன்று.
தர்வின் உட்கார்ந்தான். முப்பத்தோரு கிலோ.

போன வாரம் தெருவிளக்கு எண்ணினோம்.
பதினாலு கம்பம். எரிவது ஐந்து.
கடைசிக் கம்பம்
ஹேமசுதா கல்லால் தட்டினால் மட்டும் எரியும்;
அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று
அரைமணி நேரம் சண்டை.

இன்று தலைவர் தேர்தல்.
ஆளுக்கோர் உதிரிப் பழம், மூன்று மைலோ டின்.
யஷ்வினியின் டின்
நிரம்பித் தரையில் உருண்டது.

அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை.
பள்ளி வேன் அவள் வாசலில் நிற்பதில்லை.
"நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?" என்றாள்.
யாருக்கும் தெரியவில்லை.
செயலாளர் நான்; பேனா என்னிடம் இருந்தது.
கடிதத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

கையெழுத்தா அது?
ஒவ்வோர் எழுத்தாய், புள்ளியும் சுழியும் பிசகாமல்,
அவள் பெயர், அப்பா பெயர், லயத்து எண் வரை,
கோடு போதாமல்
ஓரத்து வெள்ளையிலும் ஏறி.

மற்றதெல்லாம் மலாயில்.
பெயர் மட்டும் நாங்கள் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த தமிழில்.

திங்கட்கிழமை மாவட்ட அலுவலகம் போகிறது.
பொருள்: எட்டரை விளக்கு எரியவில்லை.
கீழே, தலைவர்.
பக்கத்தில் பழ எண்ணெயில் ஆரஞ்சு விரல் ஒன்று;
அழித்தால் தாள் கிழியும் என்று
விட்டுவிட்டோம்.