முன்னூற்று நான்காம் பக்கம்

செங்கோட்டைப் பாசஞ்சரில்
இஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி எங்களுடையது.
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
கல்லிடைக்குறிச்சியில் நான் ஏறும்போது
எனக்கான அரை இருக்கையில்
யாருடைய சாப்பாட்டுத் தூக்கோ காவல் இருக்கும்.

"என்ன ஓடுது?" என்பார் சொரிமுத்து அண்ணாச்சி.
படமில்லை, வயிறுமில்லை.
கையில் என்ன புத்தகம் என்று பொருள்.

மின்வாரியத்தில் பியூஸ் போடும் மனிதர்
முதல் வரியை மட்டும் வாசித்து
நகத்தால் தட்டிப் பார்ப்பார், தேங்காய் வாங்குகிறவராக.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் மைதீன் பாத்துவுக்கு
கதையில் ஒருத்தரும் சாகக்கூடாது.
"செத்தா டூட்டி பாக்க மாதிரியே இருக்குக்கா."
ஞானதிரவியம் சார் எடை பார்ப்பார்.
அறுநூறு பக்கத்துக்குக் கீழே எதுவானாலும்
"நோட்டீஸா?" என்பார்.

மூன்று பேருக்கும் ஒருசேரப் பிடித்தது
இத்தனை வருஷத்தில் ஒரே புத்தகம்.
அது என்னிடம் வந்தபோது
பின்னட்டை போன இடத்தில் காலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது.
துறைமுக ஊர் ஒன்றில் தபால்காரர் மனைவி,
பன்னிரண்டு வருஷமாய் யாரும் வாங்க வராத பார்சல்.
"வாசிங்க. வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் பாத்து.
"அந்த முடிவு இருக்குல்லா..." என்று தொடங்கி
ஜன்னல் பக்கம் திரும்பிய சொரிமுத்து
சேரன்மாதேவி வரை திரும்பவேயில்லை.

நாலு நாள்.
சார்பதிவகத்தில் வில்லங்கச் சான்றுகளுக்கு அடியில் ரெண்டு பக்கம்,
அரிசி களையும்போது மனசுக்குள் அரைப்பக்கம்.
ஐந்தாம் நாள் ராத்திரி
பார்சலைப் பிரிக்க அவள் கத்தியை எடுக்கிறாள்,
வாசலில் சைக்கிள் மணி,
"அவள் மெல்ல"

அவ்வளவுதான்.
எதிரே ஆடி மாதம், ஒரு உரக்கடை விலாசம்,
பிரதோஷம் என்று.
கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம்.
தையல் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள், "முடிச்சாச்சா?" மூன்று குரல்.
"முடிச்சாச்சு."
"கதவத் தொறந்தா பாத்தீங்களா,
கத்தியக் கீழ வச்சிட்டு" பாத்து.
"என்னத்த தொறந்தா? பார்சலத்தான் பிரிச்சா.
நல்லா வாசிம்மா" சொரிமுத்து.
ஞானதிரவியம் சார் கண்ணாடியைத் துடைத்தபடியே,
"பின்வாசல் வழியா போயிட்டா. பார்சலோட."
யாரும் பக்க எண் சொல்லவில்லை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை.
மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவள் மெல்ல" என்று என் வாய் தொடங்கிவிட்டது,
"அறுந்த சணலை எடுத்து
பார்சலைத் திரும்பவும் கட்டினாள்."

பேட்டை வரை பேச்சில்லை.
இறங்கும்போது பாத்து கேட்டாள்,
"ரெட்டை முடிச்சா?"

சனிக்கிழமை பாளையங்கோட்டை நூலகத்தில்
அதன் முழுப் பிரதி இருந்தது,
எடுத்தவர் தேதிகூட அதிகம் விழாமல்.
அலமாரி ஓரம் நின்றே
அந்தப் பதினாறையும் வாசித்தேன்.
எங்கள் நாலில் ஒன்றுமில்லை.
சொல்லப்போனால், சுமார்தான்.
வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு
பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை காருகுறிச்சியில் ஏறிய பிள்ளை,
பிரம்மசக்தி, பேங்கில் புதுசு,
கம்பியைப் பிடித்து நின்றவள்
ஒரு வாரமாய் எங்கள் பேச்சைக் கேட்டிருப்பாள் போல.
"எனக்கும் ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்க்கா."

பைக்குள் கை போனது.
காலண்டர்த் தாளைக் கண்டதும்
மூன்று பேருக்கும் மூச்சு நின்றது.

"முடிவு நல்லாருக்குமாக்கா?"

"அதை மட்டும் யாருகிட்டயும் கேக்காத."

அண்ணாச்சி இருமினார்.
ஞானதிரவியம் சார் எழுந்து
அவளுக்கு ஜன்னலோரம் விட்டார்.